எண்பது எழுத்துத் திரையும் எண்பது பக்கக் கொப்பியும்

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுந்தோர் எவரும் அதன் துறைமுகத்தின் ஆழத்தையும், சுவாமி மலைமீது எழுந்தருளியிருக்கும் கோணேசப் பெருமானையும், கன்னியாய் வெந்நீர் ஊற்றுக்களையும், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளையும் குறிப்பிடாமல் விட்டதில்லை. அவை யாவும் எழுதப்பட வேண்டியவையே. ஆயின், அத்துறைமுகத்தை அண்டிய கந்தோர்களின் மேசைகளிலே ஒரு காலத்தில் வீற்றிருந்து, பச்சை எழுத்துக்களாற் பேசி, பின்னர் சுவடின்றி மறைந்துபோன ஒரு பெட்டியைப் பற்றி எவரும் எழுதக் கண்டிலோம். அதனுடன் பல ஆண்டுகள் பழகிய உரிமையில் நாமே எழுதத் துணிந்தோம்.

கந்தோர் என்றதும் தமிழகத்து வாசகர்கள் சற்றுத் திகைக்கக் கூடும். காரியாலயத்துக்கு எமது பகுதியில் வழங்கும் பெயர் அது. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். பிரெட்ரிக் கோட்டையிலே கொடி மாறி மாறிப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று அடுத்தடுத்து வந்து போயினர். 1957ஆம் ஆண்டிலே ஆங்கிலக் கடற்படையும் தன் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்து விடைபெற்றது. கப்பல்கள் போயின, கந்தோர் என்ற சொல் மட்டும் போகவில்லை. பேரேடும் மணிக்கூடும் மின்விசிறியும், அவற்றின் கீழே நாலு எழுதுவினைஞரும் இருந்தால் எமக்கு அது கந்தோர்தான். உட்துறைமுகத்தின் நீர் யன்னல் வழியே தெரியும் அத்தகைய கந்தோர் ஒன்றில், 1979 தொடக்கம் நாம் உத்தியோகம் பார்த்தோம். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை.

பெட்டியின் பாட்டனார்

கணனி முனையம் என்று பாடநூல்கள் கூறும் அப்பெட்டிக்குப் பாட்டனார் ஒருவர் உண்டு. அவரை முதலிற் கண்டுகொள்வதே முறை. டெலெக்ஸ் என்பது அவர் பெயர்.

எமது கந்தோரின் மூலையிலே, மரப்பலகையால் அடைக்கப்பட்ட சிறு அறையில் அந்த இயந்திரம் இருந்தது. தட்டெழுத்துப் பொறியைப் போன்ற உருவம். ஆனால் அதனை விட மூன்று மடங்கு பருமன். அறையில் எவரும் இல்லாத வேளையில் அது திடீரென்று தானாகவே கடகடவென அடிக்கத் தொடங்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் முதல்நாளில் இதைக் கண்டு வெளியே ஓடி வந்ததுண்டு. சிங்கப்பூரிலோ இலண்டனிலோ ஒருவர் விசைகளை அழுத்த, இங்கே எழுத்துக்கள் தாளில் விழும். வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 எழுத்து. நல்ல தட்டெழுத்தாளர் ஒருவரின் வேகத்தை விடச் சற்று மேல், அவ்வளவே.

அழைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம் ஏறும். ஆகவே செய்தியை முதலில் ஒரு காகித நாடாவிலே துளைகளாகக் குத்திக்கொள்வோம். அதன்பின் தொடர்பு கிடைத்ததும் நாடாவைப் பொறியில் ஓடவிடுவோம். கையால் அடிக்கும்போது உண்டாகும் தயக்கமும் யோசனையும் நாடாவில் ஏறுவதில்லை அல்லவா? கப்பல் வந்தடையும் உத்தேச நேரத்துக்கு 'இ.டி.ஏ.' என்ற மூன்றெழுத்தே போதும். நன்றி சொல்வதற்கும் மூன்றெழுத்துக்கு மேல் செலவிடுவதில்லை. 1980ஆம் ஆண்டளவில் சீனன்குடாப் பக்கத்தில் மாவாலை எழுந்தது. கோதுமைக் கப்பல்கள் வரத் தொடங்கின. டெலெக்ஸ் அறையிலும் இரைச்சல் பெருகிற்று.

அந்த நாடாவின் அமைப்பு மாணவர்கள் ஊன்றி அறியத்தக்கது. நாடாவின் குறுக்கே ஐந்து துளைகளுக்கு இடம் உண்டு. ஒவ்வோரிடத்திலும் துளை இருக்கலாம், அல்லது இல்லாதிருக்கலாம். ஆகவே இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32 வகை அடையாளங்கள் கிடைக்கும். ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துக்கும் இது காணும். எண்களுக்குக் காணாது. எனவே 'இனி வருவன எண்கள்' என்று சொல்லும் அடையாளம் ஒன்றும், 'மீண்டும் எழுத்துக்கள்' என்று சொல்லும் அடையாளம் ஒன்றும் வைத்தனர். போடோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1870களிலே வகுத்த முறை இது; பின்னர் மறே என்னும் நியூசிலாந்துக்காரர் அதனைத் திருத்தி அமைத்தார். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'ஈ', 'டி' எழுத்துக்களுக்கு ஒவ்வொரு துளையே வைக்கப்பட்டது. துளை குறையக் குறைய ஊசிகளின் தேய்மானமும் குறையும் என்பது கணக்கு. பழகிய இயக்குநர்கள் நாடாவைக் கையிலே பிடித்து, நாம் பத்திரிகை வாசிப்பதுபோல் வாசிப்பார்கள்.

குத்திய துளையை அடைக்க முடியாதே, பிழை நேர்ந்தால் என் செய்வது? மிக எளிது. நாடாவைப் பின்னிழுத்து, பிழையான எழுத்தின் மேலே மிகுதித் துளைகளையும் குத்திவிட வேண்டும். ஐந்து துளையும் விழுந்த இடத்தைப் பொறி எழுத்தாக அச்சிடாமற் கடந்துவிடும்.

இவ்வளவையும் விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கணனிகள் தோன்றிய காலத்தில் அவற்றுடன் பேசுவதற்கெனத் தனியாக ஒரு கருவியும் இருக்கவில்லை. கைக்கெட்டியது டெலெக்ஸ் குடும்பத்துத் தொலையச்சுப் பொறியே. அமெரிக்காவின் டெலிடைப் நிறுவனம் 1963இல் வெளியிட்ட 33ஆம் இலக்கப் பொறி, ஐந்துக்குப் பதில் ஏழு கூறுகளைக் கொண்ட புதிய அடையாள முறையைக் கைக்கொண்டது. 128 அடையாளங்கள் கிடைத்தன. உலகெங்கும் எண்ணற்ற மாணவர்கள் கணனியுடன் முதன்முதல் உரையாடியது அப்பொறியின் வழியாகவே. திரை கிடையாது. கேள்வியும் தாளிலே, பதிலும் தாளிலே, விநாடிக்குப் பத்து எழுத்தாக. அழிக்கும் அடையாளத்துக்கு அங்கும் ஏழு துளைகளும் ஒருங்கே குத்தப்பட்டன. இன்று உங்கள் கணனியின் அழிக்கும் அடையாளத்துக்கு வழங்கும் 127 என்ற இலக்கம் அந்த ஏழு துளைகளே அன்றி வேறில்லை. அச்சுத் தலையை இடப்பக்கம் ஓட்டும் கட்டளை, தாளை ஒரு வரி மேலே தள்ளும் கட்டளை, இயக்குநரைக் கூப்பிட மணியடிக்கும் கட்டளை ஆகிய மூன்றும்கூட இன்றைய கணனிகளின் உள்ளே அப்படியே குடியிருக்கின்றன. உருளையும் இல்லை, தாளும் இல்லை, மணியும் இல்லை. கட்டளைகள் மட்டும் பென்சன் எடுக்காமல் வேலை பார்க்கின்றன.

குளிர் அறையும் பச்சை எழுத்தும்

1984ஆம் ஆண்டிலே எமது கந்தோருக்குக் கணனி வந்தது. ஆளுயர அலுமாரி ஒன்றும், அதைச் சேர்ந்த நான்கு பெட்டிகளும் லொறியில் வந்திறங்கின. அலுமாரிக்கென்று புதிதாக ஓர் அறை கட்டி, குளிர்சாதனம் பூட்டி, தரைக்கு விரிப்பும் இட்டார்கள். மானேஜருடைய அறைக்கே அக்காலத்திற் குளிர்சாதனம் கிடையாது. சித்திரை வெயிலிலே நாமெல்லாம் வியர்த்து ஒழுக, இயந்திரம் மாத்திரம் நுவரெலியாவிலே வாசம் செய்தது. உள்ளே செல்வோர் செருப்பைக் கழற்றி வாசலில் வைக்க வேண்டும் என்று கட்டளை. தூசி புகாதிருப்பதற்கான ஏற்பாடுதான். ஆயினும் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் பாவனையில் எல்லோரும் கழற்றி வைத்துவிட்டு, ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லி உள்ளே போய்ச் சிறிது நேரம் குளிர் காய்ந்து வருவோம். குளிர் காய்தல் என்ற சொற்றொடர் நெருப்புக்கு உரியது. அந்த அறையில் அதன் பொருளே மாறிவிட்டது.

நான்கு பெட்டிகளே முனையங்கள். அவை எமது மேசைகளுக்கு வந்தன. பார்வைக்குச் சிறிய தொலைக்காட்சிப் பெட்டி, முன்னே விசைப்பலகை, பின்னே அடுத்த அறைக்குச் செல்லும் தடித்த கம்பி. கரிய திரையிலே பச்சை எழுத்து. வரிக்கு 80 எழுத்தாக 24 வரி. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்குவிப்மன்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட வி.டி.100 என்னும் முனையம் இத்துறையில் எல்லோரும் பின்பற்றும் அளவுகோலாயிற்று; எமக்கு வந்ததும் அதனைப் பார்த்துச் செய்த ஒன்றே. எண்பது என்ற எண் எங்கிருந்து வந்தது? ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் அறிமுகப்படுத்திய துளையட்டையிலே எண்பது நிரல்கள் இருந்தன. ஓர் அட்டை, ஒரு வரி. அட்டை ஒழிந்த பின்னரும் அளவு ஒழியவில்லை.

பெட்டிக்குள்ளே கணக்கறிவு ஏதும் இல்லை என்பதை முதலில் எவரும் நம்பவில்லை. எமது தலைமை எழுதுவினைஞர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். ஆங்கிலக் கடற்படை இருந்த காலத்துத் துறைமுகத்தையே கண்டவர். தொழில்நுட்பர் அரைநாள் விளக்கியதை அவர் ஒரே மூச்சில் எமக்குச் சொன்னார்:

"தம்பி, இந்தப் பெட்டிக்குக் கண் இருக்கு, கை இருக்கு, தலை மட்டும் அங்காலை குளிர் அறையிலை இருக்கு. அந்தக் கம்பியைக் கழட்டினால் இது வெறும் கண்ணாடி."

அதுவே உண்மை. நாம் ஓர் எழுத்தை அழுத்தினால் அது கம்பி வழியே அலுமாரிக்குப் போகும். அலுமாரி அதனை ஏற்றுத் திருப்பி அனுப்பினால்தான் திரையிலே தோன்றும். ஒரே அலுமாரி நான்கு பேருக்கும் எவ்வாறு ஊழியம் செய்தது என்பதைச் சிற்றூர்களில் இருந்த ஓராசிரியர் பாடசாலையை அறிந்தவர்கள் இலகுவாக விளங்கிக்கொள்வார்கள். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு. ஆசிரியர் முதலாம் வகுப்புக்கு ஒரு சொல், இரண்டாம் வகுப்புக்கு ஒரு கணக்கு என்று சுழன்றுகொண்டே இருப்பார். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கே ஆசிரியர் என்று எண்ணும். கணனியின் சுழற்சி விநாடியின் சிறு கூறுகளில் நிகழ்வதால் எமக்கு அது தெரிவதில்லை. நேரப் பங்கீடு எனப்படும் இம்முறையை 1961இல் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே கோர்பட்டோ என்பாரும் அவர்தம் குழுவினரும் செய்து காட்டினர். சம்பளப் பட்டியல் அடிக்கும் நாளில் மட்டும் ஆசிரியர் களைத்துப் போவார். எழுத்தை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்து வந்தாலும் திரை அசையாது.

கடற்காற்று வேறு பகை. உப்புப் படிந்து கம்பி முனைகள் பச்சை பூத்துவிடும். திரையிலே அர்த்தமற்ற குறிகள் பெய்யும். பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் அழிறப்பரால் முனைகளைத் துடைத்தால் சரியாகும் என்பதைக் கண்டுபிடித்தவர் பொறியியலாளர் அல்லர், எமது பியோன். மின்சாரம் நின்றால் அடித்தவை யாவும் போயின. ஊரடங்கு நாட்களில் நின்ற மின்சாரம் எப்போது வரும் என்று சொல்வாரும் இல்லை. நாள் முழுவதும் ஒரே பட்டியலைக் காட்டி நின்றமையால் சில ஆண்டுகளில் அப்பட்டியலின் தலைப்பு திரையின் உட்பூச்சிலே வடுவாகப் பதிந்துவிட்டது. பெட்டியை அணைத்த பின்னரும் மங்கலாகத் தெரியும். மாத முடிவிலே விபரங்களை எல்லாம் காந்த நாடாச் சுருள் ஒன்றில் ஏற்றி, துணிப்பையிலே வைத்து, இரவு மெயில் வண்டியிற் கொழும்புக்கு அனுப்புவோம்.

தொலைவிலுள்ள கணனியுடன் தொலைபேசிக் கம்பி வழியே பேசுவதும் இந்நாட்டுக்கு அக்காலத்திலேயே வந்துவிட்டது. அதற்கு எடுத்துக்காட்டாக நின்றவர் எமது ஊர்க் கடலை நன்கறிந்த ஒருவர். விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க், தம் நண்பர் மைக் வில்சனுடன் 1956இல் சுவாமி மலையடிக் கடலிலே சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியிலே கண்டவர். அவரே 1983, 1984ஆம் ஆண்டுகளில், கொழும்பிலுள்ள தம் வீட்டிலிருந்தவாறு கேபுரோ என்னும் சிறு கணனியின் மூலம் அமெரிக்காவிலிருந்த திரைப்பட நெறியாளர் பீட்டர் ஹயாம்ஸுடன் நாள்தோறும் கடிதப் போக்குவரத்து நடத்தி, '2010' என்ற படத்தின் கதையமைப்பைப் பேசி முடித்தார். அக்கடிதங்கள் பின்னர் தனி நூலாகவும் வந்தன. நாம் துணிப்பையுடன் மெயில் வண்டிக்கு ஓடிய அதே ஆண்டுகள் அவை.

இருபது எழுத்துக்குள் ஒரு பெயர்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருவோம். அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது.

சம்பளப் பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரி. எண்பது எழுத்துக்குள் இலக்கம், பெயர், தொழில், நாட்கூலி, மேலதிக நேரம், கழிவு, கைச்சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். பெயருக்குக் கிடைத்தது இருபது இடம். அதுவும் ஆங்கிலத்துப் பெரிய எழுத்திலே. திருஞானசம்பந்தமூர்த்தி என்று ஒரு தொழிலாளி இருப்பதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். எமது நாட்டு வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதினால் இருபத்தாறு எழுத்து. இருபதோடு வெட்டினால் எஞ்சுவது என்ன தெரியுமா? திருஞானசம்பந்தம். பிழையான பெயராக இருந்தால் எவருக்காவது கண்ணிற் படும். இதுவோ முழுமையான, அழகான, வேறொருவர் சூடியிருக்கக் கூடிய பெயர்! கணனி மூர்த்தியை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு குறையும் இல்லாததுபோல் நிற்கும்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. சிங்களச் சகோதரர்களின் பரம்பரைப் பெயர் இருபது இடத்தையும் தின்றுவிட, சொந்தப் பெயருக்கு இடமே இராது. மூதூர், கிண்ணியாப் பகுதி முஸ்லிம் தொழிலாளரின் பெயர்களில் 'முகம்மது' என்பதை எழுதுவோர் கைக்கு ஒரு விதமாக எழுதினர். ஒருவரே மூன்று பட்டியலில் மூன்று ஆளாகவும், மூவர் ஒரு பட்டியலில் ஓர் ஆளாகவும் காட்சியளித்தனர். இவற்றையெல்லாம் சிரித்துவிட்டு விடலாம். ஆனால் அந்தப் பெயரோடு ஊழியர் சேமலாப நிதி கட்டுண்டிருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட அந்நிதியிலே, மாதந்தோறும் கழிக்கப்பட்ட பணம் ஆண்களுக்கு ஐம்பத்தைந்து வயதிலே கைக்கு வரும். மூட்டை சுமந்தவனின் முதுமைக்கு அதுவே ஊன்றுகோல். பட்டியலிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒவ்வாவிட்டால் பணம் எங்கே போய் நிற்கும்?

இத்தனைக்கும், அந்த முனையத்துக்கு இரண்டு முழத் தூரத்திலே ஒரு தமிழ்த் தட்டெழுத்துப் பொறி இருந்தது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரிலே எழுதுவினைஞராக இருந்த ஆர். முத்தையா என்பவர், எமது இனத்து எழுதுவினைஞர் ஒருவர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம், தமிழின் 247 எழுத்தையும் நாற்பதிற்குச் சற்று மேற்பட்ட விசைகளுக்குள் அடக்கும் வழியைக் கண்டு, 1930களிலே தமிழ்ப் பொறியை உலாவ விட்டார். கொம்பும் காலும் தனித்தனி விசை. புள்ளியை அடித்தால் உருளை நகராது நிற்கும்; அடுத்து எழுத்தை அடித்ததும் இரண்டும் ஓரிடத்திற் பொருந்தும். மின்சாரமும் வேண்டாம், குளிர் அறையும் வேண்டாம். அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு மனிதர் இரும்பிலே செய்து முடித்ததை, அத்தனை இலட்சம் ரூபா பெறுமதியான அலுமாரியாற் செய்ய இயலவில்லை. 1987ஆம் ஆண்டிலே அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று விதித்தது. சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி எமது மேசைத் திரையில் ஏறவில்லை.

ஏன் இயலவில்லை என்பதற்கு விடை மேலே கூறிய ஏழு கூறுகளிலேயே உண்டு. 128 இடத்தையும் ஆங்கில எழுத்தும் எண்களும் நிறுத்தக் குறிகளும் உருளைக் கட்டளைகளும் நிரப்பிவிட்டன. பந்தியிலே இலை போட்டவர்கள் தங்கள் வீட்டாரை எண்ணி மட்டுமே இலை போட்டார்கள்.

எமது தலைமை எழுதுவினைஞர் முறைப்பாடு எழுதவில்லை. எழுதிப் பயன் இல்லை என்று அறிந்திருந்தார். கடையிலே எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கினார். இடப்பக்கத்தில் கணனி கொடுத்த தொழிலாளர் இலக்கம். அதன் எதிரே முழுப் பெயர், தமிழர் முஸ்லிம்கள் பெயர் தமிழிலே, சிங்களவர் பெயர் சிங்களத்திலே. பின்னர் தகப்பன் பெயர், ஊர். சிங்களப் பெயர்களைக் களஞ்சியப் பொறுப்பாளர் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு தொழிலாளியையும் மேசைக்கு அழைத்து, "உங்கடை பெயரை நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டு, எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டி, கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ பெற்றுக்கொண்டார். திரை எதைக் காட்டினாலும் சம்பள நாளில் அவர் கூப்பிட்டது கொப்பியைப் பார்த்துத்தான். முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகையில் எழுந்து வருபவர்களின் நடை சற்று மாறியிருந்ததை நாம் கவனித்தோம்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்துக்குப் பின்னர் ஊர் இருந்த நிலையை இப்பக்கத்து வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கந்தோர் நெடுநாள் பூட்டிக் கிடந்தது. மீண்டும் திறந்தபோது குளிர் அறையிலே குளிர் இல்லை, அலுமாரி இயங்கவில்லை, திருத்துவதற்கு உதிரிப் பாகமும் இல்லை. அதற்குள் உலகம் மேசைக் கணனிகளுக்கு மாறிவிட்டது. முனையங்கள் நான்கும் பழைய இரும்பு விலைக்குப் போயின. காந்த நாடாச் சுருள்கள் எஞ்சின; அவற்றை வாசிக்கும் பொறி எஞ்சவில்லை. தலைமை எழுதுவினைஞர் அதற்கு முன்னரே ஓய்வு பெற்றிருந்தார். ஊரை விட்டு இடம்பெயர்ந்து இரண்டு அகதி முகாம்களில் இருந்து திரும்பியபோது, அவர் கையோடு கொண்டுபோய்க் கொண்டுவந்தவற்றுள் கொப்பியும் ஒன்று.

சில ஆண்டுகள் கழித்து, மூதூரிலிருந்து லாஞ்சிலே வந்திறங்கிய முதியவர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். சேமலாப நிதிக்கு விண்ணப்பித்திருந்தார். பட்டியலிலுள்ள பெயர் தமது பெயரன்று என்று திருப்பிவிட்டார்களாம்.

"ஐயா, பதினொரு வருசம் மூட்டை தூக்கினது நான்தான். பேர் மட்டும் வேற ஆளா இருந்திருக்கான்" என்றார்.

அவரை அழைத்துக்கொண்டு தலைமை எழுதுவினைஞரின் வீட்டுக்குப் போனோம். அவர் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தார். ஓரம் கறையான் அரித்திருந்தது. எழுத்து நலமாக இருந்தது. இலக்கம், பெயர், தகப்பன் பெயர், மூதூர், பெருவிரல் அடையாளம். அப்பக்கத்தைப் பிரதி எடுத்து, சத்தியக் கடதாசி ஒன்றுடன் இணைத்து அனுப்பினோம். பல மாதம் சென்று பணம் கிடைத்தது. அவரைத் தொடர்ந்து வேறு சிலரும் வந்தனர். வந்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது என்று சொல்ல மாட்டோம்.

தமிழ் திரைக்கு ஏறியது பிறகு தான். தொண்ணூறுகளிலே மேசைக் கணனிகளில் தமிழ் எழுத்துருக்கள் தோன்றின. பாமினி என்பது இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் மத்தியிலும் பெரிதும் பரவிற்று. ஆயினும் அவை ஆங்கிலத்தின் இடத்திலே தமிழ் வேடம் கட்டி நின்றவை; அதே எழுத்துரு இல்லாத கணனியிலே திறந்தால் வேடம் கலைந்து குப்பையாகத் தெரியும். உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இருக்கை வகுத்த யுனிகோட் முறையின் முதற் பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடு விசைப்பலகையை ஒழுங்கு செய்தது. இலங்கையில் கணனித் தமிழுக்கான நியமம் 2008இல் வெளிவந்தது. இன்று கைத்தொலைபேசியிலே எவரும் தமிழில் எழுதுகிறார்கள். திருஞானசம்பந்தமூர்த்தியும் முழுமையாக நிற்கிறார். ஆனால் கப்பற் பத்திரங்களிலே எமது ஊர் இன்னமும் டி.ஆர்.ஆர். என்ற மூன்றெழுத்துத்தான். அதற்கு நாம் வருந்தவில்லை. எல்லாத் துறைமுகத்துக்கும் அவ்வளவுதான் இடம்.

கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலே கணனி விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் கணனியிலே கட்டளைகளை எழுதுவதற்கென ஒரு கரிய சாளரம் உண்டல்லவா? முனையம் என்றே அதற்கு இன்றும் பெயர். எமது பச்சைப் பெட்டியைப் பார்த்து வரைந்த நிழல் அது. அது திறக்கும்போது எத்தனை எழுத்து அகலம், எத்தனை வரி உயரம் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் எண்பதும் இருபத்துநான்கும் இருக்கும். பின்னர் அதிலே திருகோணமலை என்று தமிழில் அடியுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவான கட்டம் என்ற பழைய ஏற்பாடே அங்கு இன்னமும் ஆள்வதால், பல சாளரங்களிலே கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக விலகி, கோணம் கோணலாக நிற்பதைக் காண்பீர்கள்.